மணி ஏறி இறங்க ஒரு வண்டி: பழைய எஸ்டேட் கார் வாங்கிய கதையின் நிகழ்வு ஆய்வு

மணிக்கு அப்போது ஒன்பது வயது. லாப்ரடார் கலப்பு, 32 கிலோ. அக்காவின் செடான் காரில் ஏறச் சொன்னால், பின்சீட்டில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு அப்படியே நின்று எங்களைத் திரும்பிப் பார்ப்பான். பின்னால் யாராவது தாங்கிப் பிடித்தால்தான் மேலே போவான். ஒரு மாதம் வரை அதைச் சோம்பல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்திருக்கின்றன, இனி இவனைத் தாவ விடாதீர்கள் என்றார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்குப் பெரிய கவலை. உயரத்திலிருந்து குதிக்கும்போது உடம்பின் மொத்த எடையும் முன்னங்கால்களிலும் தோளிலும் வந்து இறங்குகிறது. பின்னங்கால் நோகிற நாய் ஏற்கனவே முன்னங்காலில்தான் அதிக எடையைப் போட்டு நடக்கும். அந்தக் காலையும் கெடுத்துக்கொண்டால் அவனுக்கு வேறு கால் இல்லை.

அன்று மாலையே அக்கா பேச்சை எடுத்துவிட்டாள். "நல்ல பெரிய வண்டியா ஒண்ணு பாருடா தம்பி. அவன் பாட்டுக்குப் படுத்துட்டு வரட்டும்." அவள் மனதில் இருந்தது உயரமான எஸ்யூவி. அத்தானுக்கு எந்த வண்டியானாலும் சரி, பழையதாக இருந்தால் போதும். நாய் முடியும் சேறும் ஏறப்போகிற வண்டி, முதல் கீறல் விழுந்ததும் மனம் பதறுகிற மாதிரி இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி. தெரிந்தவர்களுக்குப் பழைய வண்டி பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் வேலை என்னிடம் வந்தது. மூன்று மாதம் அலைந்தோம். ஒரு எஸ்யூவியும் மூன்று எஸ்டேட் கார்களும் பார்த்தோம். எஸ்டேட் என்றால் செடான் மாதிரி தாழ்ந்த கார்தான், கூரை மட்டும் பின்கதவு வரை நீண்டு, டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

வண்டியைப் பார்த்துவிட்டு நாய்க்குச் சரிப்படுமா என்று யோசித்திருந்தால் முதல் வாரமே தவறான வண்டியை வாங்கியிருப்போம். நாயின் உடம்பிலிருந்து தொடங்கியதால்தான் தப்பித்தோம். அதிலும் முக்கியமானது, பழைய வண்டியை வாங்கி நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகிறோம் என்றால், அந்த நான்கைந்து வருடத்தில் நாயும் வயதாகும். இன்று தாவி ஏறுகிற நாயை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நாளைக்குத் தயங்கி நிற்கப்போகிற நாயை வைத்து முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மணியை அளந்தோம்

தையல்காரர் டேப்பை எடுத்து மணியை நிற்கவைத்து நான்கு அளவு எடுத்தேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 88 செ.மீ. தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை 32. தோள்களின் அகலம் 24. நிமிர்ந்து நிற்கும்போது தலை உச்சி வரை 66.

இந்த நான்கும் விமானத்தில் விலங்குகளை அனுப்பும்போது கூண்டின் அளவைக் கணக்கிட ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கேட்கும் அளவுகள். கணக்கு எளிது. உடல் நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் கூண்டின் அகலம். நிற்கும் உயரத்தோடு கீழே விரிக்கும் மெத்தையின் கனத்தைச் சேர்த்தால் கூண்டின் உயரம். மணிக்கு 104 நீளம், 48 அகலம், கிட்டத்தட்ட 70 உயரம் என்று வந்தது. விமானத்துக்கான கணக்கைக் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாய் நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடுகிறது. வீட்டில் சிட்டு என்று இன்னொருத்தியும் இருக்கிறாள். இரண்டு வயது, 13 கிலோ, ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். அவளுக்கு எந்த வண்டியும் ஒத்துப்போகும் என்பதால் அளவுகளை மணியே தீர்மானித்தான்.

அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் இந்த அளவுகள் எழுதிய அட்டையும் இரும்பு டேப்பும் கையில் இருந்தன. டிக்கியின் தரை நீளம், சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம், கூரை வரை உயரம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பது. இவற்றை விற்பவரிடம் போனில் கேட்டால் யாருக்கும் தெரியாது. நேரில்தான் அளக்கவேண்டும்.

லிட்டர் கணக்கை நம்பாதீர்கள்

எஸ்டேட் கார்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது டிக்கியின் கொள்ளளவு. 2013-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டில் 610 லிட்டர். அதைவிடப் பெரிய வண்டியான வால்வோ வி90-ல் 560. முதல் தலைமுறை வால்வோ வி60-ல் 430 மட்டுமே. நாய் வளர்ப்பவர்களின் கார் என்று வால்வோவுக்கு இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு எந்த வால்வோவையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட முடியாது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்கள் சொல்லும் லிட்டர், 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட ஒரு லிட்டர் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கிப் பார்த்துச் சொல்வது. பின்சீட் நிமிர்ந்திருக்கும்போது சொல்லும் எண், டிக்கியை மூடும் திரையின் மட்டம் வரைக்குமானது. நாய் வாழ்வது அந்தத் திரைக்கு மேலேயும்தான். தலை நிற்பது அங்கே. அந்த மேல்பகுதியில் என்ன நடக்கிறது என்று லிட்டர் சொல்லாது. பின்கண்ணாடி செங்குத்தாக நிற்கிறதா, கூபே மாதிரி சரிந்து இறங்குகிறதா என்பதும் அந்த எண்ணில் தெரியாது. தரைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டிகளையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை நாய்க்கு எந்த வகையிலும் பயன்படாது.

அதனால் பழைய, பெட்டி மாதிரியான, அழகில்லை என்று சிலர் ஒதுக்கும் எஸ்டேட்கள்தான் நாய்க்கு நல்லவை. பின்பக்கம் சரிந்த வண்டிகள் கண்ணுக்கு அழகு, நாயின் கழுத்துக்குத் துன்பம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். விளம்பரங்களில் தேடும்போது எஸ்டேட் என்ற சொல்லை மட்டும் போட்டால் பாதி வண்டிகள் தப்பிப்போகும். ஆடி அவான்ட் என்பான், பிஎம்டபிள்யூ டூரிங் என்பான், ஸ்கோடா கோம்பி, ஃபோக்ஸ்வாகன் வேரியன்ட், பெஜோ எஸ்டபிள்யூ. எல்லாம் ஒரே சாதி.

தினமும் மூன்று கிலோமீட்டர்

அக்கா வீட்டு வண்டி என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னேன். காலையும் மாலையும் நாய்களை ஏற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள திறந்தவெளிக்குப் போவார்கள். முக்கால் மணி நேரம் நிற்கும். திரும்பி மூன்று கிலோமீட்டர். மாதத்துக்கு ஒரு முறை நெடும்பயணம். நாய் வளர்க்கும் பல வீடுகளில் கார் ஓடுவது இப்படித்தான்: குறுகிய தூரம், இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்தம்.

இந்த ஓட்டத்துக்கு டீசல் ஆகாது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பழைய எஸ்டேட் சந்தையில் டீசல்தான் நிறையக் கிடைக்கும், எண்ணெய்ச் செலவும் குறைவு என்று மனம் அங்கேதான் போகும். சுமார் 2009-க்குப் பிறகு ஐரோப்பியத் தரத்தில் வந்த டீசல் கார்களில் புகைபோக்கிக் குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளவேண்டும். அதற்குச் சுமார் 550 முதல் 600 டிகிரி வெப்பம் வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடமாவது நிற்காமல் ஓடவேண்டும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது. தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், அளவும் ஏறும்.

இதன் அடையாளங்களை வண்டி பார்க்கும்போதே பிடித்துவிடலாம். ஆயில் அளவுக்குச்சியில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி இருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் வெகுநேரம் இரைந்துகொண்டிருந்தால், சுத்திகரிப்பு பாதியில் அறுபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பற்றியும் யோசித்தோம். குறுகிய ஓட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் சில ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்சீட்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ உள்ள ஒரு சிறு வாயில் வழியாகப் போகிறது. நாய் முடி அந்த வாயை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பேட்டரி சூடேறும். வாங்குகிறவர்கள் அந்த வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, சல்லடையைக் கழற்றிப் பார்க்கவேண்டும். முன்பு நாய் வைத்திருந்தவரின் வண்டி என்றால் கட்டாயம். எங்களுக்கு நல்ல ஹைப்ரிட் எஸ்டேட் அந்த மூன்று மாதத்தில் கிடைக்கவில்லை என்பதால் சாதாரணப் பெட்ரோல் என்று முடிவானது.

பார்த்த வண்டிகள்

எஸ்யூவியை முதலில் பார்த்தோம், அக்காவின் ஆசைக்காக. டிக்கி விளிம்பு தரையிலிருந்து 78 செ.மீ. மணி அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். சாய்வுப் பலகை போட்டால் ஏறமாட்டானா என்று அக்கா கேட்டாள். 160 செ.மீ. நீளப் பலகையை 78 செ.மீ. உயரத்தில் சாய்த்தால் சரிவு கிட்டத்தட்ட 29 டிகிரி. அதே பலகையை 60 செ.மீ. உயரத்தில் சாய்த்தால் 22 டிகிரி. தாளில் ஏழு டிகிரி சின்ன எண். இடுப்பு தேய்ந்த நாய்க்கு அது ஏறுவதற்கும் மறுப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு பலகையைக் கடன் வாங்கி இரண்டு உயரத்திலும் போட்டுப் பார்த்தோம். உயரமானதில் பாதி ஏறி, நடுங்கி, பின்வாங்கினான். அக்கா அதற்குமேல் எஸ்யூவி பற்றிப் பேசவில்லை.

முதல் எஸ்டேட் வெள்ளை நிறம், டீசல், எட்டு வருடத்தில் 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. குறைந்த ஓட்டம் என்பதை விற்பவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுதான் உறுத்தியது. வருடத்துக்கு ஏழாயிரம் என்றால் பெரும்பாலும் கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்த வண்டி. அளவுக்குச்சியை எடுத்தேன், ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இருந்தது. அது தவிர, பின்கண்ணாடி நன்றாகச் சரிந்திருந்தது. பின்சீட் அருகே 74 செ.மீ. உயரம் இருந்த டிக்கி, கதவு அருகே வரும்போது 52 ஆகிவிட்டது. மணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும். விளிம்பு 61 செ.மீ. உயரத்தில் இருந்தது நல்ல விஷயம்தான், ஆனால் விளிம்பைத் தாண்டியதும் உள்தரை 14 செ.மீ. கீழே இருந்தது. சாமான் வைப்பவருக்கு இது பெரிதில்லை. நாய் வெளியே வரும்போது அந்தத் தடுப்பின் மேல் காலைத் தூக்கி வைத்து இறங்கவேண்டும். விளிம்பும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை விளிம்பின் உயரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். விளையாட்டுத் தோற்றத்துக்காக 19 அங்குலச் சக்கரமும் மெல்லிய டயரும் போட்டிருந்தார்கள். டிக்கியில் படுக்கும் நாய் பின் அச்சுக்கு மேலேயும் பின்னாலேயும் இருக்கிறது. முன்சீட்டில் உட்காருபவருக்குத் தெரியாத குதிப்பெல்லாம் அங்கே தெரியும். மூட்டுவலி உள்ள உயிருக்குக் கனமான டயரும் மென்மையான சஸ்பென்ஷனும்தான் வேண்டும்.

இரண்டாவது சாம்பல் நிறம். பெரிய வண்டி, விலை உயர்ந்த வகை. அக்காவுக்கு மட்டுமில்லை, எனக்கும் பிடித்துப்போனது. டிக்கி ஒரு அறை மாதிரி இருந்தது. பின்கண்ணாடி நிமிர்ந்து நின்றது. விளிம்பும் தரையும் ஒரே மட்டம். மணி பலகையில் ஏறி உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, படுத்தே விட்டான். அத்தான் பணம் எடுக்கத் தயாராகிவிட்டார்.

இந்த வகைப் பெரிய எஸ்டேட்கள் சிலவற்றில் பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். எவ்வளவு சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் காற்றுப் பை நிரம்பி மட்டத்தைச் சரிசெய்யும். 2009-ல் வந்த மெர்சிடஸ் இ-கிளாஸ் எஸ்டேட்டில் இது எல்லா வண்டிகளிலும் உண்டு. பிஎம்டபிள்யூ 5 டூரிங்கிலும் பல தலைமுறைகளாக இருக்கிறது. நாய்க்கு அருமையான வசதி. ஆனால் அந்தப் பைகள் ரப்பர். வருடங்கள் போகப்போக வெடிப்பு விடும், காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருந்தால் எதுவும் தெரியாது. அதனால் மாலையில் பார்த்துவிட்டு, சக்கரத்தின் மேல் வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். காலையில் பின்பக்க இடது மூலை 5 செ.மீ. தாழ்ந்திருந்தது. மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு கொடுப்பதாக விற்பவர் சொன்னார். அவர் நல்ல மனிதர், ஏமாற்ற நினைத்தவராகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பை போனால் மற்றதும் அதே வயதுதான். விட்டுவிட்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா பேசவில்லை.

மூன்றாவது நீலம். நடுத்தர அளவு, பெட்ரோல், ஒன்பது வருடம், 1,12,000 கிலோமீட்டர். கதவைத் திறந்ததுமே நாய் வாடை. முன்பு வைத்திருந்தவரும் நாய்க்காரர். சீட் தண்டவாளத்துக்குள்ளேயும் பெல்ட் கொக்கிக்குள்ளேயும் பழுப்பு முடி. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். நாய் வாடை நமக்குப் பெரிய குறையில்லை, எப்படியும் வரப்போகிறது. ஆனால் இதில் நாய் வாடைக்குக் கீழே வேறொரு வாடை இருந்தது, ஈரச்சாக்கு மாதிரி. டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியைப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் கனம் தண்ணீர்.

எஸ்டேட் கார்களுக்கே உரிய நோய் இது. பின்விளக்குகளின் ரப்பர் வளையம், பின்கதவின் ரப்பர், கூரைத் தண்டுகளைப் பொருத்திய இடம், கண்ணாடிக் கூரை இருந்தால் அதன் வடிகால் குழாய், இவற்றில் ஏதாவது ஒன்று வழியாகத் தண்ணீர் இறங்கி அந்தக் குழியில் தங்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பெரும்பாலும் சின்னச் செலவு. கண்டுபிடிக்காவிட்டால் துருவும் பூஞ்சையும் மின்கோளாறும். அத்தானை டிக்கிக்குள் டார்ச்சோடு உட்காரவைத்து, பின்கதவை மூடி, வெளியிலிருந்து நான் குழாய்த் தண்ணீரை ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். இடது பின்விளக்குக்கு வந்தபோது உள்ளேயிருந்து தட்டினார். ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தது. குழியில் துரு இன்னும் பிடிக்கவில்லை.

பின்கதவுக்கும் கூரைக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்களையும் பார்த்தேன். கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது அந்த ஒயர்கள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். பின்வைப்பரோ நம்பர் பிளேட் விளக்கோ விட்டுவிட்டு வேலை செய்தால் காரணம் அங்கேதான். இதில் எல்லாம் சரியாக இருந்தன. கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் குழாய்கள் மட்டும் தளர்ந்திருந்தன. கதவு மெல்ல இறங்கியது. நாய் ஏறிக்கொண்டிருக்கும்போது கதவு தலையில் இறங்கினால் அதன்பிறகு அந்த வண்டிப் பக்கம் வராது. பேரத்திலேயே அதையும் சேர்த்துக்கொண்டோம். ஏசியின் வடிகட்டியை இழுத்துப் பார்த்தால் கம்பளி மாதிரி முடி.

விளிம்பு 60 செ.மீ. தரை ஒரே மட்டம். நீளம் 106, சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம் 101, உள்ளே உயரம் 79. மணியை ஏற்றி அரை மணி நேரம் ஓட்டினோம். மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். எச்சில் வடியவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கவில்லை. வழக்கமான இன்ஜின், கியர், பிரேக் சோதனையை ஒரு மெக்கானிக் செய்தார். வாங்கினோம்.

மோதினால் என்ன ஆகும்

வண்டி வந்ததும் முதல் சண்டை, மணியைக் கட்டிவைப்பதா வேண்டாமா என்பதில். "பாவம், கூண்டுக்குள்ள அடைக்கணுமா?" என்றாள் அக்கா. அவளுக்கு நான் காட்டிய கணக்கு இதுதான். ஒரு மணி நேரத்துக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத உடல் அதே வேகத்தில் முன்னே பறக்கும். அந்த வேகம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழும்போது இருக்கும் வேகம். 32 கிலோ மூன்றாவது மாடியிலிருந்து பின்சீட்டின் முதுகில் விழுவதாக நினைத்துப்பாருங்கள்.

சீட் முதுகு தாங்குமா? ஐ.நா.வின் வாகன விதிகளில் 17-ம் எண் விதி, டிக்கிச் சாமானுக்கு எதிராகப் பின்சீட்டின் வலுவைச் சோதிக்கிறது. தலா 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை டிக்கியில் வைத்து, 50 கிலோமீட்டர் வேக மோதலுக்குச் சமமான அதிர்வைக் கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 36 கிலோ. மணியின் எடைக்குப் பக்கத்தில். ஆக, சீட் தாங்கக்கூடும். ஆனால் அந்தச் சோதனை சீட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பற்றியோ, மோதுகிற நாயின் கதியைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை.

அதனால் சீட் முதுகிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பித் தடுப்பு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும், தலைசாய்ப்பில் மாட்டும் வகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆடும், பக்கங்களில் திறக்கும் ஏர்பேக் வழியில் குறுக்கிடவும் கூடும். அந்த மாடலுக்கென்றே செய்த தடுப்பு, வண்டியின் உடம்பில் ஏற்கனவே இருக்கும் பொருத்து இடங்களில் துளையிடாமல் உட்காரும்.

கூண்டு தடுப்பைவிட ஒரு படி மேலே. தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம். நாயைவிட மிகப் பெரிய கூண்டு வாங்கினால் மோதலில் அது உள்ளேயே வேகமெடுத்து அடிபடும். வசதிக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். இன்னொன்று, டிக்கி என்பது பின்னாலிருந்து வரும் மோதலை வாங்கி நசுங்குவதற்காக விட்ட பகுதியும்கூட. பின்கதவு நசுங்கித் திறக்காமல் போனால் நாயை வெளியே எடுக்க, பின்சீட் பக்கமாகத் திறக்கும் அவசரக் கதவு உள்ள கூண்டாகப் பார்க்கவேண்டும். பின்சீட்டை மடக்கினால் அந்தக் கதவு திறக்கிறதா என்று வாங்கிய அன்றே முயன்று பாருங்கள்.

இங்கேதான் நான் பிழை செய்தேன். உள்ளே 79 செ.மீ. உயரம் இருக்கிறதே என்று 72 செ.மீ. உயரக் கூண்டு வரவழைத்தேன். பின்கதவின் வாய் 67 செ.மீ. தான். சாய்த்தும் திருப்பியும் ஒரு மணி நேரம் முயன்றோம், கூண்டு உள்ளே போகவில்லை. மூன்று மாதமாக ஊர் ஊராக டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் கதவின் வாயை அளக்காமல் விட்டிருந்தேன். அத்தான் ஒன்றும் சொல்லாமல் கூண்டைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார். பிறகு வாங்கியது பின்பக்கம் சரிவாகச் செய்த 65 செ.மீ. உயரக் கூண்டு. மணி அதில் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறான். பெரும்பாலான நேரம் படுத்தேதான் வருகிறான் என்பதால் அவனுக்கு அது குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

காற்று

எஸ்டேட்டில் நாய் இருக்கும் இடம்தான் வண்டியிலேயே வெப்பமான இடம். மூன்று பக்கமும் கண்ணாடி, ஏசி வாய் ஒன்றும் கிடையாது. பின்சீட்டுக்காக நடுவில் இருக்கும் காற்றுவாய் இருந்தால் அதை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் கொஞ்சம் காற்று பின்னால் வரும். அதுவும் இல்லாத வண்டியை நான் தள்ளிவிடுவேன். வெயில் நாளில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கூண்டுக் கம்பியில் கட்டி ஓட்டிப் பார்த்தோம். முன்சீட்டில் 24 டிகிரியாக இருந்தபோது பின்னால் 30. பின்கண்ணாடிகளுக்குத் திரை போட்டு, காற்றுவாயைத் திருப்பிய பிறகு 26. அக்கா முன்னால் குளிர்கிறது என்று ஏசியைக் குறைக்கும் பழக்கம் அன்றோடு நின்றது.

நிறுத்திய வண்டியில் நாயை விட்டுப் போவது பற்றி ஒரே ஒரு தகவல். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தது பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. இரண்டே நிமிடம்தான் என்று விட்டுப்போகாதீர்கள். தயவுசெய்து.

பின்கதவைச் சிறிது திறந்தபடி பூட்டிவைக்கும் கொக்கிகள் கிடைக்கின்றன. நிழலில் நிறுத்தி, நீங்களும் பக்கத்தில் நிற்கும்போது அவை நல்லவை. அந்த நிலையில் ஓட்டவே கூடாது, வண்டியின் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும், முதலில் அதைச் சுவாசிப்பது டிக்கியில் இருக்கும் உயிர். பின்கதவு ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே ஆபத்துதான். பிஎம்டபிள்யூ 5 டூரிங்கின் பல தலைமுறைகளில் பின்கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும். கதவைத் திறக்காமலேயே தண்ணீர் கொடுக்கலாம், நாய் வெளியே பாயாது. இப்படி ஒரு வசதி உள்ள வண்டி நல்ல நிலையில் கிடைத்தால் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன்.

பதினான்கு மாதம் கழித்து

பின்விளக்கு ரப்பர் மாற்றிய பிறகு குழியில் தண்ணீர் வரவில்லை. கேஸ் குழாய்கள் இரண்டும் புதியவை. ஈரவாடை ஒரு மாதத்தில் போயிற்று. பழைய நாயின் வாடை போய் மணியின் வாடை வந்துவிட்டது. ஏசி வடிகட்டியை வழக்கமாகச் சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றுகிறோம். ஒரு நாள் சிட்டு பின்சீட்டில் நின்று ஜன்னல் பொத்தானை மிதித்து, ஓடும் வண்டியில் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். அவள் மார்பில் போட்டிருந்த ஹார்னஸ் பட்டையை சீட் பெல்ட்டோடு மாட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் பக்கம் இருக்கும் ஜன்னல் பூட்டுப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் என் அட்டையில் ஏறியது.

மணிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. முதல் சில வாரம் பலகையைப் பார்த்தால் பக்கவாட்டில் நழுவிக் குதிக்கப் பார்ப்பான். வீட்டுக்குள் பலகையைத் தரையில் விரித்துவைத்து, அதன்மேல் நடக்கப் பழக்கி, பிறகு ஒரு செங்கல் உயரம், இரண்டு செங்கல் உயரம் என்று ஏற்றிக்கொண்டே போனாள் அக்கா. இப்போது அவனே பலகைக்காகக் காத்து நிற்கிறான். இறங்கும்போதும் அவசரமில்லை. போன மாதம் காட்டியபோது முன்னங்கால்கள் நன்றாக இருக்கின்றன என்றார் மருத்துவர்.

கூண்டுக்குப் பக்கத்தில் டிக்கியில் இன்னும் 45 செ.மீ. அகலம் இருக்கிறது. சிட்டுவைப் பின்சீட்டிலிருந்து அங்கே மாற்ற, 40 செ.மீ. அகலத்தில் ஒரு சின்னக் கூண்டு சொல்லியிருக்கிறோம். அளவு எடுத்தாயிற்று, பின்கதவின் வாயையும் சேர்த்து.